அபிமன்யு விமானங்கள்: ஏறத் தெரிந்தது, இறங்கத்தான் தெரியவில்லை

பட்டறைக்காரன் | பதிவு 1

தோற்றுப்போன சோதனை விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், உருவத்தைப் பார்த்துச் சிரிப்பதோடு முடிந்துவிடுகிறது. முட்டை போல, தோசைக்கல் போல, பீப்பாய் போல என்று ஆளுக்கொரு உவமை. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. இருபது வருடமாகக் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். உருவம் கோணலாக இருந்த ஒரே காரணத்தால் ஒரு பொருள் வேலை செய்யாமல் போனதை நான் பார்த்ததே இல்லை.

அமெரிக்கக் கடற்படைக்காக கான்வேர் நிறுவனம் செய்த எக்ஸ்எஃப்ஒய்-1 'போகோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்குக் காட்டி நிற்கும் போர்விமானம். மூக்கில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள். இறக்கை நுனிகளிலும் வால் துடுப்பு நுனிகளிலும் தள்ளுவண்டிக்கு இருப்பதுபோல் நான்கு சின்னச் சக்கரங்கள். விமானி ஏணி வைத்து மேலே ஏறி, மல்லாந்த வாக்கில் உட்கார வேண்டும். அவர் முதுகு ஒடியாமல் இருக்க இருக்கையே 45 டிகிரி முன்னால் சாயும்.

இது பறந்ததா? பறந்தது. 1954 நவம்பர் 2 அன்று ஸ்கீட்ஸ் கோல்மன் என்ற சோதனை விமானி செங்குத்தாக எழுந்து, வானில் படுத்து, சாதாரண விமானமாகப் பறந்து, மறுபடி நிமிர்ந்து, வாலால் இறங்கினார். 21 நிமிடப் பயணம். அதில் 7 நிமிடம் கிடைமட்டப் பறத்தல். உலகில் அதற்குமுன் எந்தப் போர்விமானமும் செய்யாத காரியம்.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? இறங்கும்போது விமானியின் முகம் வானத்தைப் பார்க்கிறது, தரை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கோல்மன் தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறக்கினார். தேர்ந்த சோதனை விமானிக்கே அந்தப் பாடு. சாதாரணக் கடற்படை விமானி, ஆடும் கப்பலில், மழையில், இரவில் எப்படிச் செய்வான்?

சக்கர வியூகத்துக்குள் போகத் தெரிந்து, வெளியே வரத் தெரியாத அபிமன்யு கதைதான். இந்த வகை விமானங்கள் இன்னும் சில உண்டு. எல்லாவற்றையும் இந்த ஒரே கோணத்தில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

திருத்தல்வாதி | பதிவு 2

அபிமன்யுவை ஆறு மகாரதர்கள் சூழ்ந்து, முறை தவறிக் கொன்றார்கள். போகோவை யாரும் சூழ்ந்து கொல்லவில்லை. உவமை பாதிதான் பொருந்துகிறது. மற்றபடி தகவல்கள் சரி.

கப்பல்காரர் | பதிவு 3

தம்பி பட்டறைக்காரன், நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் கதை அதற்கும் முன்னால் இருக்கிறது. கப்பலில் முப்பத்தொரு வருடம் எஞ்சின் அறையில் கழித்தவன் என்பதால் கடல் பக்கத்தைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கில் போன சரக்குக் கப்பல் கூட்டங்களை ஜெர்மனியின் நெடுந்தூர விமானங்கள் தேடிவந்து தாக்கின, நீர்மூழ்கிகளுக்கும் துப்புக் கொடுத்தன. கூடவே போக விமானந்தாங்கிக் கப்பல்கள் போதவில்லை. பிரிட்டிஷார் என்ன செய்தார்கள் தெரியுமா? 35 சரக்குக் கப்பல்களின் முன்பக்கத்தில் ராக்கெட்டால் உந்தும் கவண் ஒன்றைப் பொருத்தி, ஆளுக்கொரு ஹரிகேன் விமானத்தை உட்காரவைத்தார்கள். எதிரி விமானம் தெரிந்தால் ஹரிகேனைக் கவணில் எறிவார்கள். சண்டை முடிந்த பிறகு? கரை எட்டும் தூரத்தில் இருந்தால் கரைக்குப் போகலாம். இல்லையென்றால் விமானி கப்பலுக்குப் பக்கத்தில் பாராசூட்டில் குதிக்க வேண்டும், அல்லது விமானத்தோடு கடலில் இறங்க வேண்டும். விமானம் போனது போனதுதான். வட அட்லாண்டிக் தண்ணீரில் எத்தனை நிமிடம் உயிரோடு கிடக்க முடியும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாராவது படகு இறக்கி அள்ளிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பையன்கள் கிளம்பினார்கள்.

அந்த ஏற்பாட்டில் இறங்குவது என்ற பிரச்சினையை யாரும் தீர்க்கவில்லை, கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை செங்குத்து விமானம் கேட்டதற்குப் பின்னால் இருந்ததும் இதே தேவைதான். சாதாரணக் கப்பலின் சிறு தளத்திலிருந்து எழுந்து, அதே தளத்தில் வந்து நிற்கும் போர்விமானம் வேண்டும்.

கப்பல் தளம் என்றால் சும்மா நிற்கும் மேடை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கவாட்டில் உருளும், முன்பின்னாக முங்கி எழும், அதோடு மொத்தமாக மேலும் கீழும் போகும். ஹெலிகாப்டர் இறங்குவதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விமானி தளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு, அலை ஓயும் அந்த இரண்டு மூன்று விநாடிக்காகக் காத்திருப்பார். கிடைத்ததும் சட்டென்று வைத்துவிடுவார். அவருக்குத் தளம் கண்ணெதிரில் தெரிகிறது. அதையே முதுகால் பார்த்துச் செய்யச் சொன்னால் எப்படி?

புதுவரவு | பதிவு 4

ஒரு சந்தேகம். கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமா? காரை ரிவர்ஸ் எடுக்கும்போது எல்லோரும் அதைத்தானே செய்கிறோம்?

பட்டறைக்காரன் | பதிவு 5

காரில் பிரேக் இருக்கிறது. பிசகாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கலாம். இங்கே நிறுத்தினால் விழுந்துவிடும்.

இன்னொன்று, இறங்கும் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. லாக்ஹீட் நிறுவனமும் கடற்படை கேட்ட இதே வேலைக்கு எக்ஸ்எஃப்வி என்று ஒன்றைச் செய்தது. அதன் எஞ்சின் போதிய பலமில்லாததால், தற்காலிகமாக நெட்டைக் கால்களை ஒட்டவைத்து ஓடுபாதையில் ஓடித்தான் மேலே போனார்கள். உயரத்தில் நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மொத்தம் 32 முறை பறந்தது. ஒருமுறைகூடச் செங்குத்தாக எழவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேகத்தைத் தரையாகப் பாவித்து இறங்கிப் பழகியதாக லாக்ஹீடின் தலைமை வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம், எப்போது மோதப்போகிறோம் என்று தெரியவே இல்லையாம். இதை இறக்குவது உசிதமில்லை என்று கடற்படைக்கு எழுதினார்கள். நாங்களும் அப்படியே கருதுகிறோம் என்று ஒரே பத்தியில் பதில் வந்ததாம்.

வளைகுடா முருகு | பதிவு 6

போகோவை முதலில் வெளியே விடவில்லை, ஒரு கொட்டகைக்குள் கயிற்றில் கட்டி எழுப்பிப் பார்த்தார்கள். அந்தக் கொட்டகையை நான் வேலைக்குப் போகும்போது தினமும் பார்க்கிறேன். கலிபோர்னியாவில் 101 நெடுஞ்சாலையில், மவுண்டன் வியூ அருகே, மொஃபெட் ஃபீல்டு. முதலாம் எண் ஹாங்கர் என்று பெயர். 345 மீட்டர் நீளம், 60 மீட்டர் உயரம். மேல்தகடுகளில் நச்சுப்பொருள் இருந்ததால் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். பல வருடம் வெறும் எலும்புக்கூடாக, திமிங்கலத்தின் விலா எலும்புபோல் நின்றது.

அத்தனை உயரத்தில் ஏன் கட்டினார்கள் என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. அது 'மேக்கன்' என்ற கடற்படை வான்கப்பலுக்காக, அதாவது வாயு நிரப்பி மிதந்து பறக்கும் ராட்சதக் கலத்துக்காகக் கட்டியது. மேக்கனும் அதன் மூத்த சகோதரி 'அக்ரன்'னும் தங்கள் வயிற்றுக்குள் ஸ்பேரோஹாக் என்ற சின்னப் போர்விமானங்களைச் சுமந்தன. வான்கப்பலின் அடியில் ஓர் ஊஞ்சல் இறங்கும். விமானத்தின் மேல் இறக்கைக்கு மேலே ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். விமானி கீழிருந்து மெதுவாக வந்து ஊஞ்சலில் கொக்கியை மாட்டுவார். அப்படியே உள்ளே தூக்கிக்கொள்வார்கள். இது தினசரி வேலைபோல் நடந்தது. மேக்கனில் இருந்தபோது சில சமயம் ஸ்பேரோஹாக்கின் சக்கரங்களையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்தார்கள். ஊஞ்சல் ஒன்றை நம்பிச் சக்கரத்தைக் கழற்ற எவ்வளவு தைரியம் வேண்டும்!

ஆக, இறங்கும் பிரச்சினையை 1930களிலேயே தீர்த்துவிட்டார்கள் என்பேன். தோற்றவை வான்கப்பல்கள்தான். அக்ரன் 1933இல் நியூஜெர்சி கடலில் விழுந்து 73 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அட்மிரல் மொஃபெட், அந்தத் தளத்துக்கு அவர் பெயர்தான். மேக்கன் 1935இல் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் நான்கு ஸ்பேரோஹாக்குகளோடு மூழ்கியது.

டேட்டன்வாசி | பதிவு 7

முருகு ஊஞ்சல் என்று சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒஹாயோவில் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகம். அங்கே எக்ஸ்எஃப்-85 'காப்ளின்' இருக்கிறது. விருந்தினர் வந்தால் அங்கே அழைத்துப் போவதே எனக்கு வேலை.

முதலில் பார்க்கும்போது குழந்தைகள் பூங்காவில் வைக்கும் பொம்மை விமானம் என்றே தோன்றும். நீளம் நாலரை மீட்டர், நம் ஊர் கார் ஒன்றின் அளவு. பக்கத்தில் நின்றால் வயிறு பருத்த ஒரு முட்டை. எஞ்சினின் மேலேயே விமானியை உட்காரவைத்து மூடியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு முன்னால், மூக்கின்மேல், கசாப்புக் கடையில் தொங்குவதுபோல் ஒரு பெரிய கொக்கி. சக்கரம் கிடையாது. பி-36 என்ற ராட்சதக் குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்குள் அடங்க வேண்டும் என்பதால் இறக்கைகள் மேல்நோக்கி மடங்கும். எதிரி வந்தால் குட்டியை இறக்கிவிடுவது, சண்டை போட்டுவிட்டு வந்ததும் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வது. கங்காரு கணக்கு.

சோதனைக்கு பி-36 கிடைக்கவில்லை, பி-29 ஒன்றில் ஊஞ்சல் கட்டினார்கள். 1948 ஆகஸ்ட் 23 அன்று எட்வின் ஷோக் என்ற விமானி முதன்முறையாகக் காப்ளினை விடுவித்துப் பறந்தார். பறப்பது அருமையாக இருந்தது. திரும்பி வந்து மாட்டப் போனால், பெரிய விமானத்துக்கு அடியில் காற்று கொந்தளிக்கிறது. மேலே போனால் ஒரு காற்று மெத்தை தள்ளிவிடுகிறது. பலமுறை முயன்று, கடைசியில் கொக்கி தவறி ஊஞ்சல் கண்ணாடிக் கூண்டில் மோதி அதை நொறுக்கியது. தலைக்கவசமும் ஆக்சிஜன் முகமூடியும் பிய்த்துக்கொண்டு போயின. மனிதர் பதறாமல் வறண்ட ஏரிப் படுகையில் வயிற்றால் தேய்த்து இறக்கினார்.

அக்டோபரில் மூன்று முறை வெற்றிகரமாக மாட்டினார். மொத்தம் ஏழு பறத்தல்கள், 2 மணி 19 நிமிடம். மீதி நான்கும் வயிற்றால் தேய்த்ததுதான். 1949இல் திட்டத்துக்கு மூடுவிழா.

பட்டறைக்காரன் | பதிவு 8

அப்படியானால் முருகு, உங்கள் ஸ்பேரோஹாக் மாட்டியது, காப்ளின் ஏன் மாட்டவில்லை? கொக்கி அதே கொக்கி, ஊஞ்சல் அதே ஊஞ்சல்.

வளைகுடா முருகு | பதிவு 9

வேகம் என்று நினைக்கிறேன். வான்கப்பல் எவ்வளவு விரட்டினாலும் மணிக்கு 130 கி.மீ. சுமார். ஸ்பேரோஹாக் இரட்டை இறக்கை விமானம், அந்த மெதுவான வேகத்திலும் விழாமல் பறக்கும். ஓடும் டவுன் பஸ்ஸில் கூடவே ஓடி ஏறுவதைப் போல. பி-29க்கு அடியில் காப்ளின் மாட்ட வந்தபோது வேகம் இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு வாலும் இறக்கையும் கட்டையாக வெட்டப்பட்ட முட்டை அது. காற்று கொஞ்சம் உலுக்கினாலும் தாங்காது.

திருத்தல்வாதி | பதிவு 10

காப்ளினை வைத்து ஊஞ்சலே உதவாது என்று முடிவு கட்ட வேண்டாம். அதே யோசனையை அமெரிக்க விமானப்படை பின்னர் பி-36உம் ஆர்எஃப்-84கே என்ற உளவு ஜெட்டும் கொண்டு செய்தது. 1955, 56இல் உண்மையான பணியிலேயே இருந்தது. கொக்கி மாட்டியது. கடினம்தான், ஆனால் மாட்டியது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். இறக்கை நுனியோடு நுனியைக் கோத்துக்கொண்டு பறக்கும் இன்னொரு சோதனை நடந்தது. நடுவில் பி-29, இரு பக்கமும் எஃப்-84 போர்விமானங்கள். 1953 ஏப்ரல் 24 அன்று கோத்த சற்று நேரத்தில் ஒரு எஃப்-84 புரண்டு பெரிய விமானத்தின் இறக்கைமேல் விழுந்தது. இரண்டிலும் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை.

இன்னொரு சான்று சோவியத்திலிருந்து. வாக்மிஸ்ட்ரோவ் என்ற பொறியாளர் 1930களில் குண்டுவீச்சு விமானங்களின் மேலும் கீழும் போர்விமானங்களை ஒட்டிப் பறக்கவிட்டார். 1935இல் நடுவானில் வந்து மாட்டுவதையும் செய்து காட்டினார்கள். ஆனால் 1941இல் உண்மையான போரில் டிபி-3 விமானத்தின் இறக்கைக்கு அடியில் இரண்டு ஐ-16களைத் தொங்கவிட்டு ருமேனியாவைத் தாக்கியபோது, திரும்ப மாட்டும் வேலையே வைத்துக்கொள்ளவில்லை. குட்டிகள் இலக்கைத் தாக்கிவிட்டு ஒடெசாவுக்குப் போய்த் தரையில் இறங்கின. ஒட்டுண்ணி விமான யோசனைகளில் போரில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான் என்பேன்.

பட்டறைக்காரன் | பதிவு 11

திருத்த வந்தவர் என் வாதத்துக்கே தூண் நட்டுவிட்டுப் போகிறார். நன்றி ஐயா.

ரேடியோப்பெட்டி | பதிவு 12

அவ்ரோகார் பறக்கும் தட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே? கனடாவில் செய்தது, பார்ப்பதற்கு அப்படியே வேற்றுக்கிரக வாகனம்!

பட்டறைக்காரன் | பதிவு 13

அது இந்த இழைக்குள் வராது நண்பரே. இறங்கத் தெரியாதது என்று சொல்ல, முதலில் ஏறியிருக்க வேண்டும். அது தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர்ந்ததும் தள்ளாடத் தொடங்கிவிடும். தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

டேட்டன்வாசி | பதிவு 14

அவ்ரோகாரும் இங்கேதான் இருக்கிறது, காப்ளினைவிட அதன் முன்னால்தான் கூட்டம். தண்டர்ஸ்க்ரீச் என்று பட்டப்பெயர் வாங்கிய எக்ஸ்எஃப்-84எச்சும் உண்டு. அதன் புரொப்பெல்லர் நுனிகள் ஒலியைவிட வேகமாகச் சுழன்றதால், தரையில் எஞ்சினை ஓட்டினாலே பக்கத்தில் நின்றவர்களுக்குக் குமட்டல் வந்தது. பன்னிரண்டே முறை பறந்தது, பெரும்பாலானவை அவசரத் தரையிறக்கத்தில் முடிந்தன. ஒருமுறை ஓட்டிய விமானி ஒருவர் இனி அதில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பட்டறைக்காரன் விதிப்படி இது இழைக்குள் வருமா?

பட்டறைக்காரன் | பதிவு 15

சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது எஞ்சின் கோளாறு. இறங்கும் முறையில் பிழையில்லை.

செம்பருத்தி | பதிவு 16

இதுவரை எல்லோரும் விமானியின் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சொந்த அனுபவத்திலிருந்து வேறொன்று சொல்கிறேன். சென்னையில் ஆளில்லா விமானங்கள் செய்யும் சிறு குழுவில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு வாலில் நின்று எழும் ஒரு மாதிரியைச் செய்தோம். தெர்மோகோல் உடல், இரண்டு புரொப்பெல்லர், முக்கால் ஆள் நீள இறக்கை. எங்களுக்குக் கழுத்தைத் திருப்பும் தொல்லை இல்லை, கணினிக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்.

ஏறியது. படுத்தது. பறந்தது. கைதட்டினோம். திரும்பி நிமிர்ந்து இறங்கத் தொடங்கியதும்தான் விஷயம் புரிந்தது. நிமிர்ந்து நிற்கும் விமானத்தின் இறக்கை முழுவதும் காற்றுக்குக் குறுக்கே விரித்த பாய். மெல்லிய காற்று வீசினாலே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். சமாளிக்கச் சாய்த்தால் இறங்கும் வேகம் மாறும். மெதுவாக இறங்கினால் தன் புரொப்பெல்லர் தள்ளிய கலங்கிய காற்றுக்குள்ளேயே அது இறங்குகிறது. தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது அந்தக் காற்று தரையில் பட்டுத் திரும்பி, உயரம் அளக்கும் அழுத்தமானியைக் குழப்பிவிட்டது. தரை வந்துவிட்டது என்று நினைத்துக் கணினி விசையைக் குறைத்தது. செம்மண்ணில் வால் குத்தி, ஒரு விநாடி நேராக நின்று, பிறகு மெதுவாக மரம் சாய்வதுபோல் சாய்ந்தது. அந்த ஒரு விநாடிதான் கொடுமை. யாராவது ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் போலிருந்தது.

லேசர் உயரமானி போட்ட பிறகே சரியானது. 1954இல் கோல்மன் இதையெல்லாம் கையாலும் காலாலும் செய்தார். அவருக்குக் கோவில் கட்டினாலும் தகும்.

புதுவரவு | பதிவு 17

அக்கா சொல்வதைப் பார்த்தால் புரொப்பெல்லர்தான் தொல்லை. ஜெட் எஞ்சினில் முயன்றார்களா?

வளைகுடா முருகு | பதிவு 18

முயன்றார்கள், அதுவும் அழகாகவே. ரயான் நிறுவனத்தின் எக்ஸ்-13 வெர்டிஜெட். இதற்கும் சக்கரம் கிடையாது. லாரி டிரெய்லரின் தளத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி, அதில் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருப்பார்கள். விமானம் தன் மூக்கின் அடியில் இருக்கும் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டி, சுவரில் பல்லிபோல் தொங்கும். 1957 ஏப்ரல் 11 அன்று பீட் ஜிரார்ட் அதிலிருந்து எழுந்து, பறந்து, திரும்பி வந்து அதே கம்பியில் மாட்டினார். ஜூலையில் பென்டகன் அதிகாரிகள் முன்னாலும் செய்து காட்டினார்கள்.

விமானிக்குத் தன் கொக்கியும் தெரியாது, கம்பியும் தெரியாது. டிரெய்லரிலிருந்து அளவுக்கோடு போட்ட ஒரு கழி நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துத் தூரம் கணிக்க வேண்டும். அங்கேயே நிற்கும் ஓர் ஆள் வழிசொல்வார்.

பட்டறைக்காரன் | பதிவு 19

அதாவது லாரி கிளீனர்! "வரலாம், வரலாம், கொஞ்சம் இடது, நிறுத்து" என்று பின்பக்கத் தகட்டில் தட்டிக்கொண்டே வருவாரே, அவரேதான். விமானவியலில் கிளீனர் வேலை இருந்தது என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆனால் முருகு, இது ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. என் கோட்பாட்டுக்கு இடிக்கிறதே?

திருத்தல்வாதி | பதிவு 20

நன்றாகவே இடிக்கிறது. எக்ஸ்-13 சொன்னதைச் செய்தது. விமானப்படைக்குத்தான் அது எதற்கு என்று தெரியவில்லை. ஓடுபாதை இல்லாத காட்டில் விமானத்தை ஒளித்துவைக்கலாம் என்பார்கள், ஆனால் அந்த டிரெய்லரும் ஆட்களும் கூடவே வர வேண்டும். போகோவும் அப்படியே. 1955இல் கோல்மன் ஒவ்வொரு முறையும் பூப்போல இறக்கியிருந்தாலும் அது புரொப்பெல்லர் விமானம். வானம் அதற்குள் ஜெட்களின் கைக்குப் போய்விட்டது. காப்ளினுக்கும் அதே கதிதான். போர்விமானத்துக்கு நடுவானில் எரிபொருள் நிரப்பக் கற்றுக்கொண்ட பிறகு அதை வயிற்றில் சுமப்பானேன்?

இறங்கத் தெரியாததால் தோற்றன என்பதைவிட, இறங்கக் கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போனது என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

பட்டறைக்காரன் | பதிவு 21

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரான்சின் கோலியோப்டரை மறந்துவிட்டீர்கள். இறக்கையே வளையமாக, பீப்பாய் போல் உடலைச் சுற்றியிருக்கும். வாலில் நிற்கும் ஜெட். 1959 ஜூலை 25, ஒன்பதாவது பறத்தல். செங்குத்திலிருந்து சாயும் கட்டத்தில் உயரம் நிலைக்காமல் சுழன்று விழுந்தது. விமானி ஓகுஸ்த் மொரேல் சுமார் 150 மீட்டர் உயரத்தில் வெளியே குதித்துப் பலத்த காயத்தோடு உயிர் தப்பினார். இரண்டாவது விமானம் செய்யவே இல்லை. அதை யாரும் தேவையில்லை என்று நிறுத்தவில்லை, அதுவே விழுந்து நின்றது.

கப்பல்காரர் | பதிவு 22

பிள்ளைகளே, ஒன்றைக் கவனியுங்கள். கடற்படை கேட்டது கடைசியில் கிடைத்தது. பிரிட்டனின் ஹாரியர். அவர்கள் விமானத்தை நிமிர்த்தவே இல்லை. அது படுத்தபடியே இருக்க, எஞ்சினின் புகைவாயை மட்டும் கீழ்நோக்கித் திருப்பினார்கள். விமானி எப்போதும்போல் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். முதல் மாதிரி 1960 அக்டோபரில் கயிறு கட்டி மேலே எழுந்தது. நம் கடற்படையில் சீ ஹாரியர்கள் 1983 முதல் 2016 வரை இருந்தன. விராட் விமானந்தாங்கிக் கப்பலில் அவை வந்து அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, தளத்துக்கு மேல் வந்து உட்காரும் காட்சியைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். நாற்காலியில் ஆள் உட்காருவதுபோல் இருக்கும்.

அவர்கள் பிரச்சினையைத் திருப்பிப் போட்டார்கள், விமானியைத் திருப்பவில்லை. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

செம்பருத்தி | பதிவு 23

ஐயா, நிமிர்ந்து இறங்குவதும் தோற்றுவிடவில்லை. 2015 டிசம்பரில் ஃபால்கன்-9 ராக்கெட்டின் அடிப்பகுதி வாலால் வந்து இறங்கியது, பிறகு கடலில் மிதக்கும் தளத்திலும் இறங்கப் பழகிவிட்டது. உள்ளே ஆள் இல்லை, கழுத்துவலி இல்லை.

புதுவரவு | பதிவு 24

டேட்டன்வாசி அண்ணா, காப்ளினுக்குச் சக்கரமே இல்லையென்றால் அருங்காட்சியகத்தில் எப்படி நிற்கிறது?

டேட்டன்வாசி | பதிவு 25

ஒரு தள்ளுவண்டிமேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.